மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு: மண்ணெண்ணெய் இறங்கவில்லை

நேற்று ராத்திரி பத்து மணிக்கு இன்ஜின் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) மல்லாக்கப் போட்டு, பிளக்குகளை இறுக்கி, மூன்று சேம்பரிலும் (பெட்ரோல் எரியும் குழி) மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். வால்வு சரியாக மூடாவிட்டால் அது கசிந்து, காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டுக்குள் இறங்கிவிடும். காலை ஐந்தரைக்கு எழுந்து போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால் ஈரமே இல்லை. ஆறு போர்ட்டும் உலர்ந்து கிடக்கின்றன, மூன்றாம் சிலிண்டரின் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் உட்பட. பழையபேட்டை ஷெட்டில் இத்தனை சந்தோஷமாக நான் டீ குடித்து ரொம்ப நாளாகிறது.

வண்டி பழைய மாருதி 800, கார்புரேட்டர் காலத்து எஃப்8பி இன்ஜின். 796 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 72 மி.மீ., சிலிண்டருக்கு இரண்டு வால்வு. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் நாட்களுக்கு மட்டும் குட்டி யானையில் ஏற்றிப் போவேன். அங்கே மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் இரண்டு முறை எரிந்தது. இரண்டாம் முறை கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தபோது முதலிரண்டும் 160 பி.எஸ்.ஐ. பக்கம் நின்றன, மூன்றாவது 70-ஐத் தாண்டவில்லை. கழற்றிப் பார்த்தால் வால்வு விளிம்பில் எலி கொறித்தது போல ஒரு பள்ளம்.

முதல் முறை நான் செய்தது தவறு, விவரமாகவே சொல்கிறேன். இன்னொரு இன்ஜினின் நீள வால்வை வாங்கி, வால்வின் தலையைக் (வழியை மூடும் தட்டு) கடைந்து, தண்டை நுனியில் வெட்டி நீளத்தைச் சரிக்கட்டினேன். தலை அளவு சரியாக வந்தது, தண்டு விட்டமும் ஒத்துப்போனது, ஸ்பிரிங்கைத் தண்டோடு பிடிக்கும் லாக் உட்காரும் காடியைப் புதிதாக வெட்டிக்கொண்டேன். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வுக்கு எடுக்கும் '21-4 என்' என்ற வகை உருக்கைச் சூடுபடுத்தி நீரில் போட்டுக் கடினமாக்க முடியாது. அதனால்தான் நுனியில் தனியாக ஸ்டெல்லைட் என்ற கடினக் கலவை உலோகம் வைக்கிறார்கள், அல்லது கடினமாக்கக்கூடிய வேறு உருக்குத் தண்டை உராய்வு வெல்டிங்கில் ஒட்டுகிறார்கள். அந்த நுனியைத்தான் நான் வெட்டிப் போட்டிருந்தேன். இரண்டே டிராக் நாளில் நுனி காளான் மாதிரி விரிந்து, அதை அழுத்தும் டேப்பெட் திருகின் முனையும் தேய்ந்துபோனது. இப்போது கையில் வரும் எந்த வால்வானாலும் முதலில் நுனியில் ஒரு பழைய அரத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கிறேன். அரம் வழுக்கினால் நல்லது, பிடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது காந்தம். கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு சிலிக்கான் குரோம் உருக்கு, ஈ.என். 52 என்பார்கள், அது காந்தத்தில் ஒட்டும். எக்ஸாஸ்ட் தலை '21-4 என்' ஆக இருந்தால் ஒட்டாது. இரண்டு துண்டு வால்வில் தண்டு ஒட்டும், தலை ஒட்டாது, எங்கே மாறுகிறது என்று விரலாலேயே கண்டுபிடிக்கலாம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கிய செட்டில் பெட்டி, லேபிள், எண்ணெய்க் காகிதம் எல்லாம் அசலாகவே இருந்தன. வீட்டுக்கு வந்து காந்தம் வைத்தால் எக்ஸாஸ்ட் மூன்றின் தலையும் பச்சென்று ஒட்டிக்கொண்டது. முழுத் திராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது) எழுநூறு, எண்ணூறு டிகிரி வரை போகிற தலை அது. இன்டேக் உருக்கில் செய்து எக்ஸாஸ்ட் என்று விற்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஸ்பேர் வாங்கப் போனால் காந்தத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

டைட்டானிய வால்வு போடலாமே, வால்வின் தலையைப் பெரிதாக்கலாமே என்று பலர் கேட்டார்கள். டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, உருக்கு 7.8, எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் மெத்தென்ற வெண்கல வகைச் சீட் (ஹெட்டில் வால்வின் தலை உட்காரும் வளையம்), தண்டுக்குக் கோட்டிங், நுனிக்குத் தொப்பி, எக்ஸாஸ்ட் பக்கத்துக்குத் தனிக் கலவை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். நான் நிமிடத்துக்கு 6,500 சுற்றுக்கு மேல் ஓட்டுவதில்லை, அந்த வேகத்தில் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் உருக்கு வால்வே துள்ளாமல் வேலை செய்யும். தலையைப் பெருக்கும் கணக்கும் அப்படித்தான். 36 மி.மீ. வால்வை 37 ஆக்கினால் அதே லிஃப்டில் (திறக்கும் உயரம்) வால்வைச் சுற்றிக் காற்றுப் போகும் திரைப்பரப்பு நூற்றுக்கு மூன்றுகூட அதிகமாகாது. 68.5 போரில் வால்வு விளிம்பு சுவரை இன்னும் நெருங்கும், நெருங்கினால் அந்தப் பக்கக் காற்று அடைபடும். அதனால் ஸ்டாண்டர்ட் அளவு, நல்ல உருக்கு, நல்ல நுனி என்று முடிவு செய்து ஆறையும் வாங்கினேன்.

ஆனால் விஷயம் வால்வோடு முடியவில்லை. ஓசூரில் எனக்கு ஹெட் வேலை செய்துதரும் அண்ணன் எரிந்த வால்வை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வால்வு மேல பழி போடாத. மொதல்ல சீட்டப் பாரு" என்றார். லேலண்டும் டிவிஎஸ்ஸும் இருக்கிற ஊர், மைக்ரான் கணக்கில் பேசும் ஆட்கள் அங்கே கிடைக்கிறார்கள். ஹெட்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனதற்கு அந்த ஒரு வார்த்தையே போதும்.

ரேஸுக்குச் சீட் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எக்ஸாஸ்ட் சீட்டையும் 0.9 மி.மீ.க்கு வெட்டியிருந்தேன். இன்டேக்குக்கு ஒல்லி பரவாயில்லை, உள்ளே வரும் பெட்ரோல் கலவையே அதைக் குளிர்விக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கோ தலையின் சூட்டில் முக்கால் பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்க வேண்டும். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றும் 720 டிகிரியில் ஏறக்குறைய 240 டிகிரி திறந்து நிற்கிறது, மீதி நேரம் உட்கார்ந்திருக்கும்போதுதான் சூட்டை இறக்கிவைக்கும். 6,500-இல் நொடிக்கு 54 தடவை திறந்து மூடுகிற வால்வுக்கு அந்த உட்காரும் இடமே பாதியாக இருந்தால் எரியாமல் என்ன செய்யும்? அதோடு மூன்றாவது கைடில் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) 0.11 மி.மீ. ஆட்டம். வால்வு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

எனவே வரிசையை மாற்றினோம். முதலில் கைடு. மூன்று எக்ஸாஸ்ட் கைடும் புதிது, வெண்கலம், ரீமர் போட்டு 0.05-க்குக் கொண்டுவந்தோம். அதன் பிறகே சீட். சீட்டை வெட்டும் கட்டரின் பைலட் கம்பி கைடுக்குள் இறங்கித்தான் மையம் பிடிக்கும், கைடு ஆடினால் சீட்டும் ஆடும். வால்வு உட்காரும் முகம் 45 டிகிரியில், அதற்கு மேலே 30, கீழே 60. 30-ஆலும் 60-ஆலும் தடவித் தடவி 45-இன் அகலத்தை ஒடுக்க வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்கு 1.6 மி.மீ., இன்டேக்குக்கு 1.2. நீல மை தடவி, வால்வை வைத்து ஒரு தட்டு தட்டி எடுத்தால் முகத்தின் நடுவில் அறுபடாத ஒரு வளையம் விழ வேண்டும். வளையம் விளிம்புக்கு ஏறினால் 30 கட்டர், உள்ளே இறங்கினால் 60 கட்டர். மூன்றாவது சீட்டுக்கு மட்டும் இதைப் பதினோரு முறை செய்தோம். லேப்பிங், அதாவது பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டில் தேய்ப்பது, பொடி ரகப் பேஸ்டில் மட்டும், அதுவும் பத்து சுற்று, வளையத்தைக் கண்ணால் பார்ப்பதற்காக. லேப்பிங்கால் சீட் செய்ய முடியாது.

இவ்வளவு வெட்டியதில் மூன்றாவது வால்வு 0.6 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. உள்ளே போன அளவு தண்டு மேலே வரும், ஸ்பிரிங்கின் உயரமும் அதே அளவு கூடும். மி.மீ.க்கு இரண்டரை கிலோ ஸ்பிரிங் என்றால் உட்காரும் அழுத்தத்தில் ஒன்றரை கிலோ போச்சு. நுனியைத் தேய்த்துச் சரிசெய்யும் எண்ணம் எனக்கு இனி வராது. ஸ்பிரிங்குக்கு அடியில் 0.6 மி.மீ. ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்), டேப்பெட் திருகில் மீதி. ஷிம்மை ஓசூரிலேயே சொல்லிவைத்திருக்கிறேன். லீக் பார்த்தது பழைய ஸ்பிரிங்கை வைத்துத்தான்.

கார்புரேட்டரையும் தொட வேண்டியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் இருபது சத எத்தனால் பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் பதின்மூன்றரை பக்கம், பழைய பெட்ரோலுக்கு 14.7. அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) ஓட்டினால் கலவை நூற்றுக்கு ஏழெட்டு மெலிகிறது, முழுத் திராட்டிலில் எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது. வால்வு எரிந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். மெயின் ஜெட் ஒரு படி பெரியது வாங்கி வைத்தாயிற்று. மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் குழாயில் சூடு பார்க்கும் சென்சர் ஒன்றைத் திருகவும் இடம் குறித்துவிட்டேன், அதற்கான நட்டை வெல்டிங் பிடிக்க வேண்டும்.

ஷிம் வியாழக்கிழமை கிடைக்கும். ஹெட் கேஸ்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை, உறையோடு ஆணியில் தொங்குகிறது.