லூயிஸும் கிளிச்கோவும் இரண்டாந்தரம் மோதியிருந்தால்

2003ஆம் ஆண்டு ஆவணியில், இரணைமடுவின் கீழ்ச் சிறுபோக அறுவடை முடிந்திருந்த ஒரு மாலையில், கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருக்க, லெனொக்ஸ் லூயிஸும் விற்றாலி கிளிச்கோவும் மோதிய அதிபாரக் குத்துச்சண்டையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏ9 பாதை திறந்து ஓராண்டு கடந்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மச்சான் அந்த வீசீடியைக் கொண்டுவந்திருந்தார். வீசீடி பின்னர் இடப்பெயர்வோடு போய்விட்டது. ஆனால் அன்று மாமாவுக்கும் எனக்கும் இடையில் தொடங்கிய வாதம், அவ்விருவரும் இரண்டாந்தரம் மோதியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற வாதம், இன்றுவரை தீரவில்லை.

சண்டை நடந்தது அவ்வாண்டு ஜூன் 21ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில். உலகச் சாம்பியனாக இருந்த லூயிஸுக்கு எதிராக முதலில் ஒப்பந்தமானவர் கேர்க் ஜோன்சன். அவர் காயமடைந்து விலகவே, அதே நாளில் வேறொருவருடன் மோதவிருந்த கிளிச்கோ ஏறத்தாழ இரண்டு வார அவகாசத்தில் அவருடைய இடத்துக்கு வந்தார். 37 வயதான லூயிஸ் 256 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையோடு மேடையேறினார். அவருடைய தொழில்முறை வாழ்வில் அதுவே ஆகக் கூடிய நிறை. இரண்டாம் சுற்றில் கிளிச்கோவின் வலக்கை அவரைத் தடுமாற வைத்தது. மூன்றாம் சுற்றில் லூயிஸின் வலக்கை கிளிச்கோவின் இடது கண்ணுக்கு மேலே சதையைக் கிழித்தது. ஆறாம் சுற்று முடிந்ததும் வைத்தியர் காயத்தைப் பார்த்துச் சண்டையை நிறுத்தினார். அந்த வேளையில் மூன்று நடுவர்களின் புள்ளி அட்டைகளிலும் 58க்கு 56 என்று கிளிச்கோவே முன்னால் நின்றார்.

முன்னால் நின்றவர் தோற்றார் என்று அறிவிக்கப்பட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. இது அநியாயம் என்று சத்தமிட்டேன். மாமா பல ஆண்டுகள் அப்போதிக்கரியாக இருந்தவர். வன்னியில் எத்தனையோ பேருக்குக் காயம் தைத்த கை அவருடையது. அவர் மறுபேச்சுப் பேசாமல் என்னை அருகில் இருத்தி, தன் பெருவிரலை என் இடது மேலிமையில் வைத்து, அதை மெல்லக் கீழே இழுத்துப் பிடித்தார்.

“இப்ப தலையை நிமித்திப் பார், மருமோன். என்ன தெரியுது?”

“இந்தப் பக்கம் ஒண்டும் தெரியேல்லை, மாமா.”

“அவனுக்கும் அதுதான். வாற குத்தை எப்பிடிக் காணுவான்?”

கிளிச்கோ தலையை நிமிர்த்தியபோது மேலிமை பார்வையை மறைத்தது என்பதே அந்த வைத்தியர் சொன்ன காரணம் என்று பிற்பாடு வாசித்து அறிந்தேன். காயத்துக்கு ஏறத்தாழ 60 தையல்கள் தேவைப்பட்டன. ஆகவே நிறுத்தியது சரி என்பதை நான் அப்போதே ஏற்றுக்கொண்டேன். தலையோடு தலை முட்டி அக்காயம் ஏற்பட்டிருந்தால் புள்ளி அட்டைகளே முடிவைச் சொல்லியிருக்கும், கிளிச்கோ சாம்பியனாகியிருப்பார். அது முறையான குத்தினால் வந்த காயம், ஆதலால் வெற்றி குத்தியவருக்கே உரியது. முதற்சண்டையைப் பற்றி இதற்கு மேல் எனக்கு முறைப்பாடு இல்லை.

ஆனால் இரண்டாவது சண்டை வேறு விடயம். லூயிஸை ஆதரிப்பவர்கள் எப்போதும் ஒரு வலுவான சான்றைக் காட்டுவார்கள்: அவரை வென்றவர்கள் இருவரே, அவ்விருவரையும் அவர் மறுமோதலில் வீழ்த்தியிருக்கிறார். 1994இல் ஒலிவர் மக்கோலிடம் இரண்டாம் சுற்றில் தோற்றவர், 1997இல் அவரை ஐந்தாம் சுற்றில் வென்றார். 2001 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் ஹசிம் ரஹ்மானிடம் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தவர், அதே நவம்பரில் நிறையைக் குறைத்துக்கொண்டு வந்து நான்காம் சுற்றில் அவரைச் சாய்த்தார். 1999இல் ஹோலிபீல்டுடன் சமனாக முடிந்த சண்டையையும் அதே ஆண்டு மறுபடி மோதித் தன் பக்கம் ஆக்கினார். பிழையை விளங்கிக்கொண்டு திருத்தி வருவதில் அவருக்கு நிகரான அதிபாரச் சாம்பியன்கள் மிகச் சிலரே என்பது என் கருத்தும்கூட.

எனினும், மக்கோலிடமும் ரஹ்மானிடமும் அவர் தோற்றது ஒரே குத்தில், கவனம் பிசகிய கணத்தில். அவ்வாறான பிழையைப் பயிற்சியால் திருத்தலாம். கிளிச்கோவோ ஆறு சுற்றுகளில் நான்கைத் தன் உயரத்தாலும் இடக்கையாலும் எடுத்துக்கொண்டவர். 6 அடி 5 அங்குல உயரமுள்ள லூயிஸ், எதிராளியை மேலிருந்து பார்த்தே பழகியவர். தன்னைவிட இரண்டு அங்குலம் உயர்ந்த ஒருவர் பின்னால் சாய்ந்து நழுவியபோது அவருடைய இடக்கை வழி தேடித் தவித்ததை யாரும் காணலாம். அதற்கு முந்திய ஓராண்டு முழுவதும், 2002 ஜூனில் டைசனை வென்றபின், அவர் மேடையேறியதே இல்லை. நிறையைக் குறைத்திருக்கலாம், மூச்சையும் மீட்டிருக்கலாம்; செப்டெம்பரில் ஆகப்போகும் 38 வயதை அவர் என்ன செய்வது? அதே டிசெம்பரில், லூயிஸுக்காக முதலில் நியமிக்கப்பட்டிருந்த அந்தக் கேர்க் ஜோன்சனைக் கிளிச்கோ இரண்டே சுற்றுகளில் முடித்தார். முழுமையான ஆயத்தத்தோடு வந்த கிளிச்கோ அவர்தான். லூயிஸ் 2004 பெப்ரவரியில் ஓய்வை அறிவித்தார். காலியான பட்டங்களில் ஒன்றை அதே ஏப்ரலில் கோரி சாண்டர்ஸை எட்டாம் சுற்றில் நிறுத்திக் கிளிச்கோ பெற்றார்.

மாமாவின் மறுப்பு தொழில் தெரிந்தவரின் மறுப்பு. தைத்த சதை ஆறு மாதத்தில் பழைய சதையாகிவிடாது என்பார் அவர். கண்புருவத்துக்கு அடியில் எலும்பு கூராக இருக்கும்; தழும்பு அந்த எலும்பின்மேல் இறுகிக் கிடக்கும்; லூயிஸ் முதற்சுற்றிலேயே அதே இடத்தைத் தேடியிருப்பார், இன்னொரு வலக்கை போதும், தையல் வழியே திறந்துவிடும். ஜோன்சனும் சாண்டர்ஸும் லூயிஸின் கையை உடையவர்கள் அல்லர் என்று முற்கூட்டியே என் பதிலையும் அடைத்துவிடுவார். கிளிச்கோவின் உடம்பு முன்னரும் அவரைக் கைவிட்டதை மாமா நினைவூட்டும்போதும் எனக்கு வாய் அடைத்துவிடும். 2000ஆம் ஆண்டில் கிறிஸ் பேர்டுக்கு எதிராகப் புள்ளிகளில் முன்னால் நின்றபடியே, தோள் கிழிந்து, ஒன்பதாம் சுற்றோடு விலகியவர் அவர். 47 சண்டைகளில் அவர் தோற்ற இரண்டும் இவையே, இரண்டிலும் அவரே முன்னால் நின்றார்.

2012 செப்டெம்பரில் கிளிச்கோ மொஸ்கோவில் மனுவல் சாரோடு மோதினார். அதுவே அவருடைய கடைசிச் சண்டை. நான்காம் சுற்றில் சாரின் கண்ணருகே வெட்டு விழுந்தது, வைத்தியர் நிறுத்தினார், தோற்றவர் ஆத்திரத்தோடு எதிர்த்தார். மீளக்குடியேறிய தகரக் கொட்டிலில் ஒரு மடிக்கணினியில் நாங்கள் அதைப் பார்த்தோம். சாரின் முகம் அருகில் தெரிந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அந்த வெட்டையே பார்த்தார்.

“சரி, லூயிஸின்ரை வலக்கைக்கு நீ என்ன மறுமொழி சொல்லுறாய்?” என்று கேட்டார்.

அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். அந்தக் கை வந்திருக்கும், ஆனால் ஒரு கணம் பிந்தி வந்திருக்கும். உடம்பு தாங்கியிருந்தால் பத்தாம் சுற்றுக்குள் கிளிச்கோ வென்றிருப்பார்.