ஷென்ஜென் மீன்பிடிக் குப்பமாகப் பிறந்த ஊர் இல்லை

எங்கள் அலுவலகத்துக்கு மாதம் இரண்டு மூன்று முறையாவது சீனாவிலிருந்து அட்டைப்பெட்டி வரும். சர்க்யூட் போர்டு, கனெக்டர், சில நேரம் பிளாஸ்டிக் கேஸ். பெட்டியைப் பிரித்து எண்ணிச் சரிபார்ப்பது என் பொறுப்பு, அதனால் அனுப்புகிறவர்களின் முகவரியை வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கட்டட எண், தெரு, அப்புறம் பாவோஆன், அப்புறம் ஹாங்காங்கை ஒட்டிய ஷென்ஜென் நகர், கடைசியில் குவாங்தோங் மாகாணம். பாவோஆன் என்றால் ஏதோ தொழிற்பேட்டை, நம் பெங்களூர்ப் பீன்யா மாதிரி ஒரு இடம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது அந்த ஊருக்கு கி.பி. 331-இல் வைத்த பெயர் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு பெட்டியையும் கொஞ்சம் நிதானமாகத்தான் பிரிக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இங்கே பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் சொல்லிவிடும் அந்த வரிதான்: "ஷென்ஜென் என்ன, 1980 வரைக்கும் வெறும் மீன்பிடிக் குப்பம், நாற்பது வருஷத்துல எங்க போயிட்டான் பாரு." எஸ்.பி. ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வாரம்கூடச் சொன்னார். சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் காதுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனாலும் அது தப்பு, அதைத் திருத்தாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

1979-இல் ஷென்ஜென் நகராகும்போது அந்த எல்லைக்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். ரயில் நிலையம் இருந்தது, சந்தை இருந்தது, அரசு அலுவலகங்கள் இருந்தன. மூன்று லட்சம் பேர் இருக்கிற இடத்தை யாராவது குப்பம் என்பார்களா? அந்தக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது, இல்லாமல் இல்லை. லோஹு பகுதியில் யூமின்சுன் என்று ஒரு சிறிய குடியிருப்பு, பெயருக்கே மீனவர் ஊர் என்றுதான் அர்த்தம், படகிலேயே வாழ்ந்து வந்த தங்கா மக்கள் கரையேறித் தங்கிய இடம். 1984 ஜனவரியில் அன்றைய சீனத் தலைவர் தெங் சியாவோபிங் ஷென்ஜென் வந்தபோது அங்கே ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசினார். வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தது. அந்த வருகை ஊர் உலகமெல்லாம் பரவியது, ஒரு தெருவின் கதை மெல்ல மொத்த ஊரின் கதையாகிவிட்டது.

ஊரின் உண்மையான கதை மேற்கே, நான்தோ என்கிற இடத்தில் தொடங்குகிறது. 331-இல் கிழக்கு ஜின் அரசு தென்கரையில் தொங்குவான் என்ற பெரிய நிர்வாக மண்டலத்தை உண்டாக்கியது, அதற்குக் கீழே ஆறு ஷியன், அதில் ஒன்று பாவோஆன். ஷியன் என்பதை நம் வசதிக்குத் தாலுகா என்றே வைத்துக்கொள்கிறேன். மண்டலத்துக்கும் தாலுகாவுக்கும் தலைமையிடம் நான்தோதான். அந்தக் கரையில் உப்பு விளைந்தது, உப்பு என்றால் அரசுக்கு வருமானம், வருமானம் இருக்கிற இடத்துக்கு அதிகாரி வந்துதானே ஆகவேண்டும்.

அப்புறம் 757-இல் தாங் அரசு பாவோஆன் என்ற பெயரை எடுத்துவிட்டுத் தாலுகாவுக்குத் தொங்குவான் என்று பெயர் வைத்தது, தலைமையிடத்தையும் வடக்கே கொண்டுபோனது. இன்றைக்கு ஷென்ஜெனுக்குப் பக்கத்து ஊராக, ஃபேக்டரிகளால் பேர் வாங்கிய தொங்குவான் இருக்கிறதே, அதுதான். நான்தோ சும்மா கிடக்கவில்லை, மிங் காலத்தில் 1394-இல் அங்கே கோட்டைக் காவல்படை வந்தது, அதே வருஷம் கிழக்குக் கரையில் தாபெங் கோட்டையும் எழும்பியது. ஷென்ஜென்காரர்கள் தங்கள் ஊரைச் செல்லமாக பெங்செங் என்று சொல்வது அந்தத் தாபெங்கை வைத்துத்தான். 1573-இல், கடற்கொள்ளையர் தொல்லை தாங்காமல் கரையோரத்துக்குத் தனி நிர்வாகம் வேண்டுமென்று ஆனபோது, தொங்குவானிலிருந்து பிரித்துப் புதுத் தாலுகா ஒன்று பிறந்தது. பெயர் ஷின்ஆன், பழையதைப் புதுப்பித்து ஆபத்தை அமைதியாக்குவது என்ற பொருளில். தலைமையிடம் மறுபடி நான்தோ.

இதற்கப்புறம் வருவதுதான் என்னை உலுக்கியது. மிங் அரசு விழுந்து சிங் அரசு வந்த பிறகும், தைவானில் இருந்துகொண்டு மிங் பக்கத்துத் தளபதி செங் செங்கோங்கின் ஆட்கள் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குக் கரையிலிருந்து அரிசியும் உப்பும் போகக்கூடாது என்று 1661, 1662 வாக்கில் ஓர் உத்தரவு: கரையோர மக்கள் அத்தனை பேரும் ஐம்பது லீ தூரம் உள்ளே போய்விட வேண்டும். ஒரு லீ என்பது சுமார் அரை கிலோமீட்டர். வீடு, வயல், உப்பளம், படகு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போகவேண்டும், திரும்பி வந்தால் உயிர் போகும். ஆட்களே இல்லாத தாலுகாவுக்கு அலுவலகம் எதற்கு என்று 1666-இல் ஷின்ஆனையே கலைத்துத் தொங்குவானோடு சேர்த்துவிட்டார்கள். மாகாணத்தின் ஆளுநராக இருந்த வாங் லாய்ரென், அடுத்து வைஸ்ராய் சோ யோதே, இரண்டு பேரும் மக்கள் படும் பாட்டை எழுதி எழுதி அனுப்பியதில் 1669-இல் மக்கள் திரும்பினார்கள், தாலுகாவும் திரும்பியது. அந்த இருவர் நினைவாக ஹாங்காங்கின் காம் டின் பகுதியில் மக்கள் கட்டிய கல்விக்கூடம் இன்னும் இருக்கிறது. போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. காலியாகக் கிடந்த நிலத்துக்கு அரசு வெளியாட்களை அழைத்தது, அப்படி வந்து குடியேறியவர்களில் பெரும்பங்கு ஹக்கா மக்கள்.

ஹாங்காங் என்றேன் இல்லையா, அதுவும் ஷின்ஆன் தாலுகாவின் துண்டுதான். பிரிட்டன் கைக்குப் போனது 1842-இல் தீவு, 1860-இல் கௌலூன், 1898-இல் நியூ டெரிட்டரீஸ் 99 வருஷக் குத்தகைக்கு. தாலுகாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனது. அதுவரை இரண்டு கரைக்காரர்களும் இறங்கிக் கடந்த ஷென்ஜென் ஆறு திடீரென்று நாட்டு எல்லையாகிவிட்டது. ஒரே தாலுகாவில் மாமனும் மச்சானுமாக இருந்தவர்கள் இரண்டு அரசின் குடிகள் ஆனார்கள். ஷென்ஜெனையும் ஹாங்காங்கையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் இதை ஏன் சொல்வதே இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, ஷென்ஜென் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஷென் என்றால் ஆழம், ஜென் என்றால் வயலுக்கு நடுவே ஓடும் வாய்க்கால். ஆழவாய்க்கால் என்று தமிழில் சொன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் போலவே இருக்கிறது. 1410-இலேயே ஏட்டில் ஏறிய பெயர் அது. பின்னால் சந்தை கூடும் ஊரானது. மன்னராட்சி போய்க் குடியரசு வந்த கொஞ்ச காலத்தில், ஹெனான் மாகாணத்திலும் ஒரு ஷின்ஆன் இருக்கிறது, குழப்பம் வேண்டாம் என்று, தாலுகாவுக்குப் பழைய பாவோஆன் பெயரையே திரும்ப வைத்தார்கள். அதாவது 757-இல் போன பெயர் ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் 1911-இல் கௌலூன்–குவாங்ஜோ ரயில் முழுதாக ஓட ஆரம்பித்து, ஷென்ஜென் சந்தைக்குப் பக்கத்தில் நிலையமும் வந்துவிட்டதால், வியாபாரம் எல்லாம் அங்கே நகர்ந்தது. 1953-இல் தாலுகா அலுவலகமும் நான்தோவை விட்டு அங்கே போனது. நான்தோ கோட்டையின் காலம் அதோடு முடிந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோருக்கும் பாதி தெரியும். 1979 மார்ச்சில் பாவோஆன் தாலுகா ஷென்ஜென் நகரானது. 1980 ஆகஸ்ட் 26 சிறப்புப் பொருளாதார மண்டலம். ஆனால் மண்டலம் என்பது முழு ஊர் அல்ல, தெற்கே 327.5 சதுர கிலோமீட்டர் மட்டும். மீதிக்கு 1981-இல் மறுபடி பாவோஆன் தாலுகா என்று பெயர் கொடுத்துத் தனியாக வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே எண்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பிவேலி, சோதனைச் சாவடிகள். உள்ளே போக எல்லை அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரே ஊருக்குள்ளேயே!

2019-இல் வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது, எங்களுக்குப் போர்டு செய்து கொடுக்கும் ஆலையின் மேலாளர் காரில் அழைத்துப்போனார். மெய்லின் சாவடி இருந்த இடத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, 1990களில் ஹூனானிலிருந்து வந்திறங்கியபோது கையில் சீட்டு இல்லாமல் வெளிப்பக்கமே எட்டு மாதம் வேலை பார்த்ததாகச் சொன்னார். வேலிக்கு உள்ளே இருக்கும் பகுதி குவான்னெய், வெளியே இருக்கும் பகுதி குவான்வாய். சிவப்பு டாக்சி எங்கும் போகும், பச்சை டாக்சி வெளியே மட்டும். குறைந்தபட்சக் கூலியே இரண்டு விதம். 2010 ஜூலையில் மண்டலத்தை முழு ஊருக்கும் விரித்த பிறகுதான் கூலி ஒன்றானது. வேலியை அரசு முறைப்படி ரத்து செய்தது 2018-இல். ஆனாலும் அவர் மகன் வீடு பார்க்கும்போது இன்னும் குவான்னெய்யா குவான்வாயா என்றுதான் கேட்கிறானாம்.

அடுத்த நாள் நான்தோ போனேன். தெற்கு வாசல் ஒன்று நிற்கிறது, அடியில் செம்மணல் கல், மேலே சாம்பல் செங்கல், வளைவுக்கு உள்ளே நடுக்கல் தேய்ந்து குழிந்திருந்தது. உள்ளே போனால் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னலைத் தொடலாம் என்கிற அளவுக்கு நெருக்கமான ஐந்தாறு மாடி வாடகை வீடுகள், சின்னச் சந்து, துணி காய்கிறது, ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இன்னொன்று அங்கேதான் தெரிந்தது. 1993-இல் பாவோஆன் தாலுகாவை ஒழித்து பாவோஆன், லோங்காங் என்று இரண்டு நகர வட்டங்கள் ஆக்கினார்கள், அப்புறம் அவற்றிலிருந்து லோங்ஹுவா, குவாங்மிங், பிங்ஷான் எல்லாம் பிரிந்தன. ஆனால் பாவோஆன் பிறந்த நான்தோ இன்றைய பாவோஆனில் இல்லை, நான்ஷான் வட்டத்தில் இருக்கிறது. பெயர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்.

நான் தொம்மலூரில் இருக்கிறேன். அங்கே சொக்கநாதசுவாமி கோயில் சுவரிலும் நிலையிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று சொல்லும் கல்வெட்டும் உண்டு. கெம்பே கவுடா 1537-இல் பேட்டை கட்டுவதற்கு முன்பே இருந்த ஊர். 1949-இல் பேட்டையும் கண்டோன்மென்டும் ஒரே மாநகராட்சி, 2007-இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் இழுத்துப் போட்டு பெரிய பெங்களூரு, 2025-இல் அதை ஐந்து மாநகராட்சிகளாக்கி வேறு ஏற்பாடு. பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கே வேலைக்கு வந்த பையன்கள் "ஐடிக்கு முன்னாடி இங்க என்னண்ணா இருந்துச்சு, வெறும் ஏரியும் காடும்தானே" என்று கேட்கும்போது அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போய்விடுவேன். இதுவரை ஆறேழு பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஒருவன் கல்வெட்டு எழுத்தை விரலால் தடவித் தடவி "ணா" எங்கே இருக்கிறது என்று அரை மணி நேரம் தேடினான்.

நேற்று வந்த பெட்டி குவாங்மிங்கிலிருந்து. 2018 வரை அதுவும் பாவோஆன்தான். அனுப்பிய ஆலை மாறவில்லை, அதே கட்டடம், அதே தெரு. எங்கள் சப்ளையர் பட்டியலில் மட்டும் இன்னும் பழைய வட்டத்தின் பெயரே இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.