கரோனரி எம்ஆர் காண்ட்ராஸ்ட்: வைவாவில் என்னைக் கவிழ்த்த கேள்வி

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. பாஸ். இரண்டாவது முயற்சியில்தான். போன முறை எழுத்துத் தேர்வில் நன்றாகவே செய்துவிட்டு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், விழுந்தேன். விழுந்த இடம் கரோனரி எம்ஆர் ஆஞ்சியோவின் (இதயத் தமனிகளை எம்ஆர்ஐ-யில் படமெடுப்பது) காண்ட்ராஸ்ட், அதாவது ரத்தக்குழாய் துலங்க ஊசியில் ஏற்றும் மருந்து. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அன்று நான் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். லீனியர் (சங்கிலி வடிவ மூலக்கூறு) எவை, மேக்ரோசைக்ளிக் (வளைய வடிவம்) எவை, எது அயனி வகை (மின்னூட்டம் உள்ளது), எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேர்வாளர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. "ஸ்கேன் பத்து நிமிடம் ஓடுகிறது. அதுவரை உங்கள் மருந்து எங்கே இருக்கும்?" என்றார். "ரத்தத்தில்" என்றேன். "அவ்வளவு நேரமுமா?" அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கேட்டால் சொல்வேன். வழக்கமான காண்ட்ராஸ்டான கேடோலினியம் (படத்தை வெளுக்கவைக்கும் உலோகம்) மருந்துகள் சின்ன மூலக்கூறுகள். நரம்பில் ஏற்றிய சில நிமிடங்களில் தந்துகிகளை விட்டுக் கசிந்து இதயத் தசையின் இடைவெளிகளுக்குள் போய்விடும். தசையும் வெளுத்துவிட்டால் 3, 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தமனியை எதிலிருந்து பிரித்துப் பார்ப்பது? மூச்சோடு உதரவிதானம் நகர்வதைக் கவனிக்கும் நேவிகேட்டரோ, அது 5 மில்லிமீட்டர் ஜன்னலுக்குள் இருக்கும்போது விழும் துடிப்புகளை மட்டுமே ஏற்கும், மற்றதையெல்லாம் தள்ளிவிடும். ஸ்கேன் இழுத்துக்கொண்டே போகும், மருந்து காத்திருக்காது. இந்தத் தலைப்பே அந்த ஓட்டப்பந்தயம்தான். எந்த மருந்தைப் படித்தாலும் பக்கத்தில் ஒரு கடிகாரம் வரையுங்கள். நான் நிஜமாகவே வரைந்தேன், நோட்டு முழுக்க.

கடிகாரத்தை ஏமாற்றும் வழிகள்:

- மூச்சை அடக்கச் சொல்லி, மருந்து இதயத்தைக் கடக்கும் முதல் சுற்றிலேயே படம் எடுப்பது. வேகம் கிடைக்கும், நுணுக்கம் போகும்.
- மருந்தை ஒரே தள்ளலாகக் கொடுக்காமல் ஸ்கேன் நேரத்துக்கு நீட்டி மெதுவாக ஏற்றுவது. கூடவே இன்வர்ஷன் பல்ஸ் (சிக்னலைத் தலைகீழாக்கும் ரேடியோ துடிப்பு) போட்டுத் தசையை இருட்டாக்குவது. 3 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) இதைச் சொல்லுங்கள்.
- ரத்தத்திலேயே தங்கும் மருந்து. கேடோஃபோஸ்வெசெட் ரத்தப் புரதமான ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 2008-ல் அனுமதி பெற்றது, பிறகு சந்தையிலிருந்தே போய்விட்டது. ஃபெருமாக்சிடால் ரத்தசோகைக்கான இரும்பு மருந்து. கரோனரி எம்ஆரில் ஆஃப் லேபிளாகத்தான் (அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே). ஒவ்வாமை பற்றிய 2015 எச்சரிக்கையை விடாமல் சொல்லுங்கள்.
- மருந்தே இல்லாமல் எடுப்பது.

கடைசி வழியை முதலில் சொல்லுங்கள். இந்த முறை நான் அப்படித்தான் தொடங்கினேன்: "1.5 டெஸ்லா என்றால் காண்ட்ராஸ்ட் கட்டாயமில்லை." ரத்தத்தின் டி2 (சிக்னல் மங்க எடுக்கும் நேரம்) சுமார் 250 மில்லிசெகண்ட், தசையுடையது சுமார் 50. இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கும் டி2 பிரெப் துடிப்புகளைப் போட்டால் தசை மங்கிவிடும், ரத்தத்தை வெளுப்பாகக் காட்டும் பாலன்ஸ்டு எஸ்எஸ்எஃப்பி ஸ்கேன் முறையில் தமனி தானாகவே துலங்கும். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். (அது நல்ல அறிகுறியா என்று அந்த நிமிடம் தெரியவில்லை. வயிறு கலங்கியது.)

அப்புறம் கணக்கு: மருந்து கலந்தால் ரத்தத்தின் டி1 (சிக்னல் மீள எடுக்கும் நேரம், குறைந்தால் படம் வெளுக்கும்) எவ்வளவு குறையும்? ரிலாக்சிவிட்டி என்பது மருந்து டி1-ஐக் குறைக்கும் திறன். 1/டி1 = 1/பழைய டி1 + ரிலாக்சிவிட்டி × செறிவு. ரத்தத்தின் டி1 1.2 வினாடி, ரிலாக்சிவிட்டி 5, செறிவு 1 மில்லிமோலார் என்று வையுங்கள், 0.83 + 5 = 5.83, தலைகீழாக்கினால் ஏறக்குறைய 170 மில்லிசெகண்ட். கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள்.

பாதுகாப்புப் பகுதியை எல்லோரும் படித்திருப்பீர்கள், வேகமாக:

- ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழ் என்றால் யோசனை, கொடுத்தே ஆகவேண்டுமென்றால் மேக்ரோசைக்ளிக்.
- கேடோலினியத்துக்கும் என்எஸ்எஃப் (சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகும் நோய்) நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது 2006.
- ஐரோப்பாவில் பல லீனியர் மருந்துகள் நிறுத்தப்பட்டது 2017.
- அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். கேடோபியூட்ரால் ஒரு மோலார் (மில்லிலிட்டருக்கு 1 மில்லிமோல்), அதனால் கிலோவுக்கு 0.1 மில்லிலிட்டர், அரை மோலார் மருந்துகளுக்கு 0.2. கூடப் படித்த ஒருத்தி இந்த இரண்டைக் குழப்பி இரட்டிப்பு டோஸ் சொல்லிவிட்டாள்.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நான்கு பேர் சேர்ந்தால் மருந்துப் பெயர் ஒப்பிக்கும் போட்டியாகிவிடுகிறது. தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, உரக்கப் பதில் சொல்லிப் பார்த்தேன். சுவர் "அவ்வளவு நேரமுமா?" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு.