அந்த நிறத் தட்டை எடுத்தது சரிதானா?

விமானத் துறை வேலைகளைப் பற்றிய காட்சிக்கூடத்திலிருந்து, நிறங்களைப் பிரித்தறியும் பார்வையைச் சோதிக்கும் நிறத் தட்டை எடுத்துவிட்டோம். எடுக்கச் சொன்னது நான்தான். இன்றும் அதற்குக் காரணம் சொல்ல என்னால் முடியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அதை வைத்ததற்கும் காரணம் இருந்தது. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. ஓடுபாதை ஓரத்தில், இறங்கும் கோணத்தை விமானிக்குக் காட்டும் நான்கு பாபி (PAPI) விளக்குகள். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் இறங்கும் கோணம் சரி, நான்கும் சிவப்பென்றால் விமானம் மிகத் தாழ்வாக வருகிறது. ரேடியோ வேலை செய்யாவிட்டால் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து காட்டும் ஒளியின் நிறம்தான் கட்டளை. இதையெல்லாம் பிள்ளைகள் கண்ணாலேயே உணரட்டும் என்றுதான், நிறப் புள்ளிகளுக்குள் ஓர் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா தட்டைத் திரையில் போட்டோம்.

காட்சிக்கூடத்தைப் பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்த்த நாளில் எல்லாரும் 74 என்று கத்த, ஒரு பையன் மட்டும் 21 என்றான். சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்கள் அந்தத் தட்டில் பெரும்பாலும் 21 என்றே படிப்பார்கள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் என்னிடம் கேட்டான்: "அப்போ நான் பைலட் ஆக முடியாதா சார்?"

"இது சும்மா விளையாட்டுதான்பா" என்றேன்.

டவரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எங்களுக்கு ஆலோசகராக வந்திருந்த மேடம் அங்கேயே நின்றிருந்தார். பையன் போன பிறகு கேட்டார்: "விளையாட்டுன்னா அதை ஏன் சார் இங்க வெச்சீங்க?"

நான் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தட்டு அச்சில், சரியான வெளிச்சத்தில் பார்க்க வேண்டியது. திரைக்குத் திரை நிறம் மாறும். அதில் தவறினாலும் நிற விளக்குகளைக் காட்டி நிறம் சொல்லச் சொல்லும் சோதனை போன்ற அடுத்த கட்டங்களுக்குச் சர்வதேச விதியிலேயே இடம் உண்டு. கூட்டத்தின் நடுவே ஒரு பிள்ளையின் உடல்தகுதிக்குத் தீர்ப்பு எழுத நாங்கள் யார்?

மேடத்தின் கவலை வேறு. "ஃபீஸ் கட்டிட்டு அப்புறம் மெடிக்கலுக்குப் போற பிள்ளைங்க இருக்காங்க சார்." வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பணம், எல்லாம் சேர்ந்தால் பல லட்சம். எட்டாம் வகுப்பில் தெரிந்துகொள்வது இரக்கமா, கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வது இரக்கமா?

இப்போது சிமுலேட்டர் அருகே, பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சரக்கறைப் பெட்டிகளை நகர்த்தி விமானத்தின் எடைமையம் மாறுவதைப் பார்க்கும் மேசையையும் பெரிதாக்கினோம். பறக்க முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசாக அது தோன்றிவிடக் கூடாதே என்ற பயமும் எனக்கு உண்டு. ஆனால் அந்த எடைக் கணக்கு தப்பினால் எந்த விமானியாலும் விமானத்தைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

துணித் திரையால் மறைத்த சிறு அறையில், ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே விட்டு, தட்டைத் திரும்ப வைக்கலாம் என்கிறார் மேடம். "முடியாதா?" என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கே வழிகாட்டியாக நிற்கும் கல்லூரி மாணவர் என்ன சொல்ல வேண்டும்? மருத்துவர்தான் முடிவு செய்வார் என்று எழுதிப் பார்த்தேன். உண்மைதான், ஆனால் அந்த வயதில் அது பதிலாகாது. சரியான வரி கிடைக்காமல் அந்த அறைக்கு நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.