ஸ்டாரும் பொங்கல்படியும்

2024 டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் ஸ்டார் கட்டினோம். பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்துவிட்டால் எது கிறிஸ்தவ வீடு என்று யாரையும் கேட்க வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் தம்பியிடமிருந்து வேதாகமத்தின் எரேமியா பத்தாம் அதிகாரம் வந்தது. காட்டில் மரம் வெட்டி, வெள்ளியும் பொன்னும் வைத்து அலங்கரித்து, அசையாதபடி ஆணி அடிக்கிறார்கள் என்று வருமே, அதே பகுதி. ஸ்டாருக்கு எதற்குடா மரத்து வசனம் என்று கேட்டேன். “உள்ளே மரமும் வச்சிருப்பீங்கல்ல அக்கா?” என்றான். வைத்திருக்கிறோம்தான். பிளாஸ்டிக் மரம்.

எரேமியா அங்கே பேசுவது விக்கிரகம் செய்கிறவர்களைப் பற்றி. அடுத்த வசனத்திலேயே அவை பேசாது, நடக்காது, யாராவது சுமக்க வேண்டும் என்று வந்துவிடுகிறது. எங்கள் மரத்திடம் யாரும் வரம் கேட்பதில்லை.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனான். அவனும் அவன் மனைவியும் நகையைக் கழற்றிவிட்டார்கள், கல்யாண மோதிரம் உட்பட. கிறிஸ்மஸ், ஈஸ்டர் எதுவும் கிடையாது. சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்று அவனைக் குறை சொல்லவே முடியாது. அவனோடு வாதாடுவது கஷ்டமாக இருப்பதே அதனால்தான்.

டிசம்பர் 14, சனி

அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் முடிந்தன. அதிரசம் மட்டும் பாக்கி. அதிகாலையில் எங்கள் சபைப் பஜனைக்காரர்கள் ஆர்மோனியத்தோடு தெருவில் போனார்கள். எதிர்ப்பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு. இரண்டும் கலந்து கேட்டால்தான் எனக்கு டிசம்பர்.

தம்பி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன், அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1647ல் இங்கிலாந்துப் பாராளுமன்றமே கிறிஸ்மஸை ஒழித்துச் சட்டம் போட்டது. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். போட்டவர்கள் அவிசுவாசிகள் இல்லை, வேதத்தைக் கரைத்துக் குடித்த பியூரிட்டன்கள், கடும் கட்டுப்பாடுள்ள புராட்டஸ்டண்டுகள். அவர்களும் கேட்டது இதைத்தான்: டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை.

டிசம்பர் 25, புதன்

காலை ஆராதனை. மத்தியானம் பிரியாணி. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரத் தட்டு போயாயிற்று. தம்பி போன் செய்து அம்மாவிடம் “சாப்பிட்டாச்சா?” என்று மட்டும் கேட்டான். வாழ்த்துச் சொல்லவில்லை.

2025 ஜனவரி 1, புதன்

ராத்திரி ஆராதனை முடிந்து வீடு சேர இரண்டு மணி. வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் வரும் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். தம்பி சபையிலும் விடிய விடிய ஜெபம், அவனுக்கும் ஒரு வாக்குத்தத்தம், ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். வருடத்தின் கடைசி இரவில் கூடி விழித்திருப்பதும் வேதத்தில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லி காலத்து மெதடிஸ்டு சபையார் வழக்கமாக்கியது. இதை அவனுக்கு எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். வருடப் பிறப்பன்று எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

விட்டிருக்க வேண்டியதில்லை போல. இன்று அவனே ஆரம்பித்தான், அதுவும் அம்மாவிடம். “இந்த வருஷமாவது பொங்கப்படி வாங்காதம்மா.” பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து மகளுக்கு வரும் சீர்தான் பொங்கல்படி.

அம்மா அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரி. தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற இந்துக் குடும்பம். கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை, தாத்தா நெடுநாள் பேசாமல் இருந்தார். பேச்சு திரும்ப ஆரம்பித்ததே ஒரு பொங்கல்படியில்தான். மாமா பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு எல்லாம் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து வாசலில் நின்றாராம். மகளை விட்டுவிடவில்லை என்று தாத்தா சொல்லியனுப்பிய விதம் அது. அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. படி வந்தால் பானை வைக்காமல் இருப்பாளா?

“அது சூரியனுக்குப் படைக்கிறது, அக்கா. வாங்கினா நாமளும் அதுல பங்கு” என்கிறான் தம்பி. சந்தையில் விற்கிறதை மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினதைச் சொன்னேன். “அடுத்த வசனங்களையும் வாசி. இது படைச்சதுன்னு ஒருத்தர் சொன்னா சாப்பிடக் கூடாதுன்னும் அவர்தான் எழுதியிருக்கார்” என்றான். சரிதான். ஆனால் மாமா எதையும் படைத்துவிட்டுக் கொண்டுவருவதில்லை. அரிசி அரிசியாகவே வருகிறது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 10, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழா. நானும் பட்டுச்சேலைதான். பானை பக்கத்தில் நின்றபோது கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் சிரித்துக்கொண்டே, “உங்களுக்குத்தான் கிறிஸ்மஸ் இருக்கே, இது எங்க பண்டிகைல்லா?” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று எல்லாரும் சொன்னார்கள். தம்பிக்கும் இந்த டீச்சருக்கும் ஒரு முறை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பொங்கல் விஷயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து ஒன்றுதான்.

எங்கள் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று வைக்கிறோம். நெல், வாழைத்தார், பூசணி, கோழி என்று விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிக்கிறோம், அப்புறம் ஏலம் விடுகிறோம். முதற்பலனைக் கர்த்தருக்குக் கொடு என்று லேவியராகமத்தில் இருக்கிறது, அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே நெல் வீட்டு முற்றத்தில் பானைக்குள் போனால் கேள்வி வருகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று என் பக்கத்து வாதத்திலேயே ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

‘இது நம் பழக்கம், மதம் இல்லை’ என்பது பழைய வாதம். 1606ல் மதுரைக்கு வந்த இத்தாலிய யேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சந்தனம் பூசி, பூணூலும் குடுமியும் ஊர் வழக்கம்தான் என்று வாதாடினார். 1623ல் போப்பிடமிருந்து அனுமதியும் வந்தது. பிற்பாடு நீண்ட சண்டை, 1744ல் அந்த வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை. இந்த மண்ணில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் தஞ்சாவூரில் புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். தமிழ்க் கீர்த்தனை வேண்டாம், விசேஷங்களுக்குப் பூ வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. இதுவரை நானும் அவர் கட்சி. ஆனால் அதே மூச்சில், சாதி வித்தியாசத்தையும் விட முடியாது என்று எழுதினார். அதுவும் பழக்கம்தானாம்!

அப்படியென்றால் ‘நம் பழக்கம்’ என்று சொல்லி எல்லாவற்றையும் உள்ளே விட முடியாது. பூ இருக்கலாம், சாதி போக வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்து, இதனால் யாருக்குக் கும்பிடு, யாருக்கு அவமானம் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். தம்பி அந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறான். ஒரே பதிலை எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறான் என்பதுதான் என் சண்டை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

மாமா நேற்றே வந்துவிட்டார். கரும்பை ஆட்டோவில் நீட்டி வைத்துக்கொண்டு. முட்டி வலி அதிகம், படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்.

முற்றத்தில் கோலம், அடுப்புக்கு மூன்று பொங்கல்கட்டி, எரிக்கப் பனையோலை. மஞ்சள்குலையைப் பானைக் கழுத்தில் கட்டினாள் அம்மா. அவள் செய்வதையும் செய்யாததையும் இன்று உற்றுக் கவனித்தேன். பிள்ளையார் பிடிப்பதில்லை. விளக்கு இல்லை, தேங்காய் உடைப்பதில்லை, கிழக்கே பார்த்துக் கும்பிடுவதும் இல்லை. பால் பொங்கியதும் குலவை மட்டும் விட்டாள். மாமா சிரித்தார். பிறகு கண்ணை மூடி, விளைச்சலுக்கும் அண்ணனுக்கும் ஸ்தோத்திரம் சொல்லி ஒரு சின்ன ஜெபம். மாமாவும் கைகூப்பி நின்றார். யாரை நினைத்துக்கொண்டார் என்று நான் ஏன் கேட்க வேண்டும்?

இந்தக் கோட்டை அம்மாவுக்கு எந்தப் போதகரும் போட்டுக் கொடுக்கவில்லை. அவளாகவே எப்போதோ போட்டுக்கொண்டது.

தம்பி வரவில்லை.

ஜனவரி 15, புதன், கரிநாள்

இன்று வந்தான், குடும்பத்தோடு. மாமாவைப் பார்க்கத்தான் என்றான். ஆட்டுக்கறிக் குழம்பு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். சர்க்கரைப் பொங்கலை அம்மா எடுக்கவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை. மாமாதான் பனங்கிழங்குக் கட்டை நீட்டி, “இதையாவது பிள்ளைகளுக்குக் கொண்டு போடா, இது எந்தச் சாமிக்கும் கிடையாது” என்றார். வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் மாமா, அடுத்த வருடம் இந்த முட்டியோடு பஸ் ஏற முடியுமா தெரியவில்லை, மகனிடம்தான் கொடுத்துவிட வேண்டும் என்றார். அம்மா முகம் மாறிவிட்டது. தம்பி சட்டென்று, “பஸ் எதுக்கு மாமா, நான் கார்ல வந்து கூட்டிட்டு வாரேன்” என்றான். “படியும்லா டிக்கியில வரும்?” என்று நான் கேட்டேன். “சும்மா இரு அக்கா” என்று எழுந்து போய்விட்டான்.