300 கோடி எழுத்துக்குள் ஒரு விகடகவி

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டில் எனக்கு வாய்த்தது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம். மார்பகப் புற்றுநோய்களில் 10க்கு 7 போல இந்த ஏற்பி இருப்பவைதான். ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பி டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து மரபணுக்களை முடுக்கிவிடும். எம்சிஎஃப்-7 என்ற புற்றுநோய்ச் செல்லில் அது எங்கெங்கே உட்காரும் என்று கணினியில் கணிப்பதுதான் என் வேலை.

டிஎன்ஏவுக்கு ஏ, சி, ஜி, டி என்று 4 எழுத்துதான். ஏற்பி விரும்பும் எழுத்து வரிசை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: ஜிஜிடிசிஏ, நடுவில் ஏதோ 3 எழுத்து, அப்புறம் டிஜிஏசிசி. பைத்தானில் ஒரே வரியில் தேடினேன். சில ஆயிரம் இடங்கள். ஒரே நாளில் ப்ராஜெக்ட் முடிந்தது என்று நினைத்தேன்.

லேப் சீனியர் அக்கா பட்டியலைத் திறக்கக்கூட இல்லை. "டிஎஃப்எஃப்1 இருக்கா?" என்றார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்காரர்கள் முதலில் பார்க்கும் மரபணு அது. இல்லை. அங்கே இருப்பது ஜிஜிடிசிஏ சிஜிஜி டிஜிஜிசிசி. ஓர் எழுத்துதான் வேறு. என் நிரல் தாண்டிப் போய்விட்டது. கூடவே ஒரு கணக்கும் போட வைத்தார். 10 எழுத்து நிச்சயமாக இருக்க வேண்டுமென்றால், 10.5 லட்சம் எழுத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே அமையும். மொத்த மரபணுத்தொகை 300 கோடி. ஆக, சுமார் 3,000 இடம் சும்மாவே கிடைக்கும்!

சரி என்று, புரதங்கள் விரும்பும் வரிசைகளின் தரவுத்தளமான ஜாஸ்பரிலிருந்து எடைப் பட்டியலை (எந்த இடத்தில் எந்த எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது) இறக்கி, அதை வைத்துத் தேடும் ஃபைமோ நிரலில் ஓட்டினேன். டிஎஃப்எஃப்1 வந்தது, கூடவே லட்சக்கணக்கில் குப்பையும். பாதி இடங்கள் இரண்டிரண்டு முறை வேறு இருந்தன. கோடில் பிழை என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். பிழை இல்லை, அந்த வரிசையே விகடகவி மாதிரி. எதிர் இழையில் திருப்பிப் படித்தாலும் அதேதான் வரும், அதனால் ஒரே இடத்தை இரண்டு இழையிலும் எண்ணியிருக்கிறது.

வரிசை மட்டும் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது. டிஎன்ஏ சுருண்டு மூடிக் கிடந்தால் எவ்வளவு நல்ல வரிசையானாலும் ஏற்பி நுழைய முடியாது. ஃபாக்ஸ்ஏ1 புரதம் முன்னால் போய் இடம் திறந்துவிட வேண்டும். எனவே எம்சிஎஃப்-7இல் திறந்திருக்கும் பகுதிகளையும் ஃபாக்ஸ்ஏ1 உட்காரும் இடங்களையும் வடிகட்டியாக வைத்தேன்.

வடிகட்டியதும் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சவில்லை. இரண்டு நாள் தூக்கம் போனது. பார்த்தால், என் கணிப்பு ஹெச்ஜி38இல், இறக்கிய தரவு ஹெச்ஜி19இல். இரண்டும் மனித மரபணுத்தொகையின் வெவ்வேறு பதிப்புகள், இட எண்கள் ஒத்துப்போகாது. டிஎஃப்எஃப்1 மட்டுமே இரண்டுக்கும் நடுவில் 14 லட்சம் எழுத்து தள்ளி நிற்கிறது. பதிப்புக்குப் பதிப்பு இட எண்ணை மாற்றித் தரும் லிஃப்ட்ஓவர் கருவியில் போட்டு மாற்ற 5 நிமிடம்கூட ஆகவில்லை.

வைவாவில் வெளித் தேர்வாளர், செல்லில் ஏற்பி நிஜமாகவே எங்கே உட்கார்ந்தது என்று காட்டும் சிப்-சீக் சோதனை முடிவுகளைக் காட்டிக் கேட்டார்: "இந்த இடங்களில் உங்கள் வரிசையே இல்லையே, ஏற்பி எப்படி உட்கார்ந்தது?" ஏபி-1 போன்ற வேறொரு புரதத்தைத் தொற்றிக்கொண்டு உட்காரும் என்றேன்.

"அதை உங்கள் நிரல் பிடிக்குமா?"

"பிடிக்காது சார்."

சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.