பினாங்கு போதகர் தங்கியதும் சி படிவம் படுத்திய பாடும்

எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஜூமில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவரும் பினாங்கு போதகர் ஒருவர் 2024 நவம்பர் கடைசியில் பெங்களூரு வந்தார். மலேசியத் தமிழர், அறுபதைத் தாண்டியவர். இ-விசா, டிக்கெட், இமிக்ரேஷன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. லிங்கராஜபுரம் வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது.

அறை போட்டிருந்த விடுதியில் நள்ளிரவுக்கு மேல் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த பையன், "ஃபாரினர்ஸைத் தங்கவைக்க மாட்டோம் சார், எங்களுக்கு சி ஃபாரம் லாகின் இல்லை" என்றான். வெளிநாட்டவர் எங்கே தங்குகிறார் என்று தங்கவைப்பவர் அரசுக்கு ஆன்லைனில் தெரிவிக்கும் படிவம்தான் அது. மலேசிய பாஸ்போர்ட் என்று போனிலேயே சொல்லி, அட்வான்ஸும் கட்டியிருந்தோம். "தமிழ்ல பேசினாரு, ஊர்க்காரர்னு நெனச்சோம்" என்று பதில். பெரியவர் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. அட்வான்ஸ் இன்றுவரை திரும்பவில்லை. வெளிநாட்டு விருந்தினருக்கு அறை போடும்போது "சி படிவம் போடுவீர்களா?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவையுங்கள்.

எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். அப்போதைய விதிப்படி, வீடாக இருந்தாலும், வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் சி படிவம் ஏற்றியாக வேண்டும். அதற்கு முதலில் வீட்டை எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் பதிய வேண்டும். நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. "அவரும் தமிழர்தானே தம்பி, இதுக்கு எதுக்கு கையெழுத்து?" என்று வீட்டுக்காரர் தயங்கினார். என்ன பாஷை பேசினாலும் கணக்குக்கு வருவது பாஸ்போர்ட்தான் என்று அவருக்குப் புரியவைக்கவே காலைப் பொழுது போய்விட்டது. கடைசியில் அவர் வீட்டம்மாதான் "போட்டுக் குடுங்க, வந்தவங்க ஊழியக்காரங்க" என்று பேனாவை எடுத்து நீட்டினார்.

பதிவு பற்றி விசாரிக்கக் காவல் நிலையம் போனால், எழுத்தர் நிமிர்ந்தே பார்க்காமல், "சாந்திநகர் போங்க" என்றார். சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் இருக்கும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்தில், "எல்லாம் ஆன்லைன், இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்றார்கள். முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அலைச்சல் மிச்சம். பதிவுக்கு அனுமதி சாயங்காலம் வந்ததும், பாஸ்போர்ட் எண், விசா எண், வந்த தேதி, அடுத்துப் போகும் ஊர் எல்லாம் நிரப்பி, கெடு முடிவதற்குள் ஏற்றிவிட்டோம். ஸ்தோத்திரம் சொல்லி மூச்சு விட்டேன். அடுத்து அவர் தங்கப்போவது கோலார் தங்கவயல். அங்கே தங்கவைப்பவர் தனியாக ஒரு சி படிவம் போட வேண்டும், நாம் போட்டது அங்கே செல்லாது. அந்த வீட்டாருக்கு அன்றிரவே போன் போட்டுச் சொன்னேன்.

இதற்கு நடுவே சபை வாசலில், "சிறப்புச் செய்தியாளர்" (அதாவது பிரசங்கியார்) என்று போதகர் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சுற்றுலா விசாவில் வருபவர் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், பிரசங்கம் செய்யவோ கைப்பிரதி கொடுக்கவோ கூடாது. அதற்கு மிஷனரி விசா என்று தனியே இருக்கிறது. "ரெண்டு வார்த்தை வாழ்த்து சொன்னா என்னப்பா?" என்றார் மூப்பர் ஒருவர். அந்த ரெண்டு வார்த்தையை யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வது விருந்தினர். விசா ரத்தானால் மறுபடி வரவே முடியாமல் போகும். நான் விட்டுக்கொடுக்கவில்லை, ஃபிளெக்ஸ் இறங்கியது. ஞாயிறன்று அவர் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கீர்த்தனை பாடினார். மனசு நிறைந்துவிட்டது.

கிளம்பும்முன், பிள்ளைகள் ஃபீஸுக்கு என்று ஒரு கவரில் ரிங்கிட் நீட்டினார். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். எங்கள் சபைக்கு எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு) இல்லை. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி மெயின் கிளைக் கணக்குக்குத்தான் வந்து சேர வேண்டும். பதிவு கேட்க, சங்கம் தொடங்கி 3 வருஷம் ஆகியிருக்க வேண்டும், கடந்த 3 நிதியாண்டுகளில் ₹15 லட்சம் செலவு காட்ட வேண்டும். எங்களுக்கு அவ்வளவு வராது. அதனால் குறிப்பிட்ட நன்கொடைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கும் வழியை ஆடிட்டரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.